மின்னழுத்தம் உயர்த்தும் இரு வாயில்கள்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்குகையில், உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் தோன்றத் தொடங்குகின்றன. அவற்றுள் இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்றையும் மதிலால் வளைத்துக் கட்டப்பட்டதே செஞ்சிக் கோட்டை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டபோது இக்கோட்டை நெடுநாள் தாக்குப்பிடித்தது. மதிலின் திண்மையோடு, உள்ளே தேக்கி வைத்திருந்த நீரும் அதற்குத் துணைநின்றது. சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இன்றும் அங்கே உள்ளன. கல்யாண மகாலுக்கு மண்குழாய்களின் வழியே நீர் கொண்டுசெல்லப்பட்டது. நீரை வேண்டிய இடத்திற்கு ஏற்றிச் செல்லுதல் செஞ்சிக்குப் பழைய வேலையே.

அவ்வேலையை இன்று, கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் கிணறுகளில் மோட்டார்கள் செய்கின்றன. நெல்லும் கரும்பும், வட்டார வழக்கில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் விளையும் நிலங்கள் இவை. ஒன்றிய அரசின் பி.எம்.குசும் திட்டம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபின், தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வழியாக உழவர்களுக்கு மானியத்துடன் சூரியசக்தி பம்புசெட்டுகள் வழங்கப்படுகின்றன. வரப்போரத்தில் சாய்ந்து நிற்கும் சூரியத்தகடுகள் அனைவர் கண்ணிலும் படும். தகட்டிற்கும் மோட்டாருக்கும் இடையே கம்பத்தில் பொருத்தப்பட்டிருக்கும் சிறு இரும்புப் பெட்டியைப் பெரும்பாலோர் நோக்குவதில்லை. பம்புசெட்டு நெடுநாள் உழைக்குமா, ஒரு கோடையிலேயே நின்றுபோகுமா என்பது பெரிதும் அப்பெட்டிக்குள் இருக்கும் சில கறுப்புத் துண்டுகளைப் பொறுத்தது. அவை டிரான்சிஸ்டர்கள், தமிழில் திரிதடையம் எனவும் வழங்குவர். அவற்றை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

பாயும் நீரும் பாயும் மின்னும்

சூரியத்தகடு தரும் மின்னழுத்தம் நிலையானதன்று. மேகம் கடந்தால் மாறும். தகடு சூடேறினால் குறையும். தென்னை ஒன்றின் நிழல் விழுந்தாலும் சரியும். மோட்டாருக்கோ உயர்ந்த, நிலையான மின்னழுத்தம் வேண்டும். தகடுகளைத் தொடராக இணைத்தே மின்னழுத்தத்தை உயர்த்திவிடலாமே என்னும் வினா எழும். ஓரளவு அவ்வாறே செய்கின்றனர். ஆயினும் ஏறியிறங்கும் ஒன்றை நிலைப்படுத்த, இடையில் ஒரு சுற்று தேவைப்படுகிறது. நேர்த்திசை மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் அச்சுற்றை மின்னழுத்த உயர்த்தி என்பர்.

அது இயங்கும் விதத்தை அறிய நீரையே நோக்கலாம். நீண்ட குழாயில் நீர் விரைந்து பாய்ந்துகொண்டிருக்கும்போது முனையிலுள்ள திருகைச் சட்டென மூடினால் குழாய் அதிர்ந்து ஒலிக்கிறது. பாய்ந்து வந்த நீர் தன் நிலைமத்தால் நிற்க மறுத்து, மூடிய முனையில் பேரழுத்தத்தை உண்டாக்குகிறது. அவ்விடத்தில் மேல்நோக்கிய சிறுகுழாய் ஒன்று இருந்தால், நீர் தான் வந்த உயரத்தையும் கடந்து அதில் ஏறும். இவ்வுண்மையைக் கொண்டு, தானே இயங்கும் நீரேற்றி ஒன்றைப் பிரான்சு நாட்டின் ஜோசப் மான்ட்கோல்ஃபியர் 1796ஆம் ஆண்டு அமைத்தார். வெப்பக்காற்றுப் பலூனைத் தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து பறக்கவிட்டவரும் அவரே.

மின்சுற்றில் நீண்ட குழாயின் இடத்தைக் கம்பிச்சுருளாகிய மின்தூண்டி பெறுகிறது. திருகின் இடத்தில் டிரான்சிஸ்டர் ஒன்று மின்சாவியாக நிற்கிறது. அது மூடியிருக்கையில் மின்தூண்டி வழியே மின்னோட்டம் பெருகிச் சுருளில் ஆற்றல் சேர்கிறது. சாவி திடீரெனத் திறந்தால், ஓடிய மின்னோட்டம் உடனே நிற்க இயலாமல் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு மாற்றுவழியில் பாய்ந்து மின்தேக்கியை நிரப்புகிறது. இங்கு ஒரு சொற்குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும்: நீர்க்குழாயில் மூடுதல் என்பது தடுத்தல், மின்சாவியில் மூடுதல் என்பது பாயவிடுதல். ஒரு சுழற்சியின் பாதி நேரம் சாவி மூடியிருந்தால் வெளிவரும் மின்னழுத்தம் இருமடங்காகும். முக்கால் பங்கு நேரம் மூடியிருந்தால் நான்கு மடங்காகும். இச்சுழற்சி ஒரு வினாடியில் பல்லாயிரம் முறை நிகழ்கிறது.

மின்னோட்டம் பாயும் மாற்றுவழியில் ஒருவழிக் கதவொன்று வேண்டும். இல்லையெனில் மின்தேக்கியில் சேர்ந்த மின்னூட்டம் திரும்பி ஓடிவிடும். எளிய சுற்றுகளில் அதனை டையோடு செய்கிறது. டையோடு தன்னைக் கடக்கும் மின்னோட்டத்திடம் ஏறத்தாழ முக்கால் வோல்ட்டைச் சுங்கமாகப் பெற்றுக்கொள்ளும். மின்னோட்டம் சிறிதாயின் அச்சுங்கம் பொருட்டன்று. பெரிதாயின் டையோடு கொதிக்கும். ஆகவே பெருந்திறன் சுற்றுகளில் டையோடின் இடத்தில் இரண்டாவது டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து, முதலாவது திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் இதனை மூடச் செய்கின்றனர். ஒன்றன் இயக்கத்திற்கு மற்றொன்று ஒத்திசைவதால் இதற்கு ஒத்தியங்கு மின்னழுத்த உயர்த்தி என்று பெயர். முதலாவதைக் கீழ்ச்சாவி என்றும் இரண்டாவதை மேற்சாவி என்றும் குறிப்போம்.

இச்சாவிகளாகப் பெரிதும் பயன்படுவது மாஸ்ஃபெட் என்னும் வகை டிரான்சிஸ்டர். அதன் மூன்று முனைகளுக்கும் அமைந்த தமிழ்ப் பெயர்கள் மூலம், வடிகால், வாயில் என்பன. நீரையும் கோட்டையையும் நினைவூட்டும் இச்சொற்கள் செஞ்சிக்கு மிகப் பொருந்துகின்றன. வாயில் முனையில் சில வோல்ட் மின்னழுத்தம் தரப்பட்டால் வடிகாலுக்கும் மூலத்திற்கும் இடையே பாதை திறக்கும். அதனை நீக்கினால் பாதை அடைபடும்.

ஒரு கணக்கு

எண்கள் இன்றித் தேர்வு இல்லை. கணக்கு எளிதாக அமையும்பொருட்டு, நடுப்பகலில் 48 வோல்ட்டில் 40 ஆம்பியர் தரும் சூரியத்தகட்டுத் தொகுதி ஒன்றையும், 96 வோல்ட் வேண்டும் மோட்டார் ஒன்றையும் கொள்வோம். திறன் 1920 வாட். இரண்டரைக் குதிரைத்திறனுக்குச் சற்று மிகுதி. மின்னழுத்தம் இருமடங்காக வேண்டுவதால் ஒவ்வொரு சாவியும் பாதி நேரம் மூடியிருக்கும். சுழற்சியின் அதிர்வெண் 50 கிலோ ஹெர்ட்ஸ் எனக் கொள்வோம்.

முதற்கண், சாவி தாங்க வேண்டிய மின்னழுத்தம். 96 வோல்ட்தானே, 100 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் போதும் என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் சுற்றை எரித்துவிடும். சுற்றுப்பலகையின் செம்புத்தடங்களும் சிறிதளவு மின்தூண்டிகளாகவே நடந்துகொள்கின்றன. 20 நானோ ஹென்றி அளவுள்ள தடத்தில் 40 ஆம்பியர் மின்னோட்டம் 20 நானோ வினாடியில் அடங்கினால், அக்கணத்தில் 40 வோல்ட் கூடுதலாக எழும். சாவியின் மீது விழுவது 96 அன்று, 136. ஆதலால் 150 வோல்ட் தாங்கும் ஒன்று வேண்டும்.

அவ்வாறாயின் 300 வோல்ட் தாங்குவதையே வைத்துவிட்டால் அச்சமின்றி இருக்கலாமே? அங்குத்தான் விலை கொடுக்க வேண்டியுள்ளது. பழைய கட்டமைப்புடைய சிலிக்கான் மாஸ்ஃபெட்டில், தாங்கும் மின்னழுத்தம் இருமடங்கானால், ஒரே பரப்புள்ள சில்லின் மின்தடை ஐந்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. மிகு மின்னழுத்தத்தைத் தாங்கத் தடித்த, மாசு குறைந்த குறைகடத்திப் படலம் வேண்டும்; அதே படலத்தின் வழியேதான் மின்னோட்டமும் செல்ல வேண்டும். தேவைக்கு மிஞ்சிய பாதுகாப்பு இங்கு வெப்பமாக மாறுகிறது.

அடுத்து, மூடியிருக்கும் நேரத்தில் ஏற்படும் இழப்பு. சூடான நிலையில் 8 மில்லி ஓம் மின்தடை உடைய மாஸ்ஃபெட் ஒன்றை எடுத்துக்கொண்டால், 40 ஆம்பியரின் இருபடியை 0.008ஆல் பெருக்கிப் பாதியாக்க 6.4 வாட் கிடைக்கும். மேற்சாவியின் இடத்தில் 0.8 வோல்ட் சுங்கம் பெறும் டையோடு இருந்திருந்தால் 16 வாட் வெப்பமாகியிருக்கும். சேமிப்பு 9.6 வாட். மொத்தத் திறனில் இது அரை விழுக்காடே. இதனால் வயலுக்குப் பாயும் நீர் பெரிதாகக் கூடிவிடாது. மூடிய பெட்டிக்குள் சூடு குறைவதே இதன் உண்மையான பயன்.

இதுவரை பார்த்தவற்றைக் கொண்டு நோக்கினால், மின்தடை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது எனத் தோன்றும். 8 மில்லி ஓமுக்குப் பதில் 4 மில்லி ஓம் உடையதை இரண்டு இடங்களிலும் பொருத்தினால் இழப்பு பாதியாகும் அன்றோ?

குறைந்த மின்தடை, கூடுதல் சூடு

இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். சாவி திறந்திருக்கும்போது அதன்மேல் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. மூடியிருக்கும்போது மின்னோட்டம் உண்டு. மின்னழுத்தம் மிகச் சிறிது. இவ்விரு நிலைகளிலும் இழப்பு குறைவு. ஆனால் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றிற்கு மாறும் கணத்தில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. திறத்தலுக்கும் மூடுதலுக்கும் சேர்த்து 100 நானோ வினாடி ஆகும் எனக் கொள்வோம். அந்நேரத்தில் 96 வோல்ட்டும் 40 ஆம்பியரும் ஒருங்கே நிற்பதால் விளையும் இழப்பு ஒரு சுழற்சிக்கு ஏறத்தாழ 192 மைக்ரோ ஜூல். கடுகளவுதான். ஆனால் ஒரு வினாடியில் அது 50,000 முறை நிகழ்கிறது. பெருக்கினால் 9.6 வாட்.

ஆகக் கீழ்ச்சாவியின் இழப்பு 6.4உம் 9.6உம் கூடி 16 வாட்.

இப்போது 4 மில்லி ஓம் உடைய பெரிய சில்லைப் பொருத்திப் பார்ப்போம். மின்தடையால் வரும் இழப்பு 3.2 வாட்டாகக் குறைகிறது. ஆனால் சில்லின் பரப்பு இருமடங்கானதால் அதன் வாயிலைத் திறக்க ஊட்ட வேண்டிய மின்னூட்டமும் இருமடங்காகிறது. வாயிலை இயக்கும் சுற்று பழையதே என்றால், நிலைமாறும் நேரமும் இருமடங்காகும். மாறும் கணத்தின் இழப்பு 19.2 வாட்டாக உயரும். இரண்டையும் கூட்டினால் 22.4 வாட். விலை கூடிய, மின்தடை குறைந்த டிரான்சிஸ்டர் முன்னதைவிட மிகுதியாகச் சூடாகிறது. பெரிய கோட்டைக் கதவு நெருக்கமின்றிப் படையைச் செல்லவிடும். ஆனால் அதனைத் திறந்து மூடுவதற்குள் பொழுதாகிவிடும்.

வாயிலை இயக்கும் சுற்றை வலிமையாக்கி மாற்றத்தை விரைவுபடுத்தலாம் என ஒருவர் கூறலாம். அதுவும் உண்மையே. ஆயினும் 40 ஆம்பியர் 20 நானோ வினாடிக்குப் பதில் 10 நானோ வினாடியில் அடங்கினால், முன்பு 40 வோல்ட்டாக எழுந்த அலை 80 வோல்ட்டாக எழும். 96உம் 80உம் சேர்ந்து 176. நாம் தேர்ந்ததோ 150 வோல்ட் தாங்குவது. ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் பிதுங்குகிறது.

இக்கணக்கு மேற்சாவிக்குப் பொருந்தாது என்பதே இத்தேர்வின் நுட்பமான பகுதி. மாஸ்ஃபெட்டின் உடலிலேயே டையோடு ஒன்று இயல்பாக அமைந்துள்ளது. கீழ்ச்சாவி திறந்தவுடன் மின்னோட்டம் முதலில் மேற்சாவியின் அவ்வுடல் டையோடு வழியே பாயத் தொடங்கிவிடுகிறது. அதன் பின்னரே மேற்சாவியின் வாயில் திறக்கப்படுகிறது. அப்போது அதன்மேல் ஒரு வோல்ட் அளவே உள்ளதால், நிலைமாற்ற இழப்பு அங்கு இல்லை எனலாம். எனவே மேற்சாவிக்குக் குறைந்த மின்தடையே முதற்பண்பு. கீழ்ச்சாவிக்கு விரைவும் குறைந்த வாயில் மின்னூட்டமும் சம அளவில் வேண்டும். ஒரே சுற்றில் அருகருகே நிற்கும் இரண்டுக்கும் ஒரே டிரான்சிஸ்டரை வைத்தல் வேலையை எளிதாக்கும், எப்போதும் சிறந்ததாகாது.

மேற்சாவியைப் பற்றி அத்துடன் கவலை ஒழிந்ததா எனின், இல்லை. உடல் டையோடு மின்னோட்டத்தைக் கடத்தியபின் உடனே அடைபடாது. அதனுள் எஞ்சிய மின்னூட்டம் வெளியேறும்வரை பின்னோக்கியும் கடத்தும். அடுத்த சுழற்சியில் கீழ்ச்சாவி மூடும்போது அம்மின்னூட்டம் முழுவதும் கீழ்ச்சாவியின் வழியே பாய்ந்து தீர வேண்டும். 300 நானோ கூலும் எனக் கொண்டால், 96 வோல்ட்டில், 50 கிலோ ஹெர்ட்ஸில், அது ஏறத்தாழ ஒன்றரை வாட். குறை மேற்சாவியினுடையது, அதனால் எழும் சூடோ பெரும்பகுதி கீழ்ச்சாவியின்மேல் விழுகிறது. கீழ்ச்சாவி கொதிக்கிறதே என்று அதனை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர் காரணத்தைக் காணமாட்டார்.

இரண்டும் ஒருங்கே திறந்தால்

மின்தேக்கியில் 96 வோல்ட் காத்து நிற்கிறது. மேற்சாவியும் கீழ்ச்சாவியும் ஒரே நேரத்தில் பாதை விட்டால், தடையேதுமின்றி அம்மின்னூட்டம் முழுவதும் இரண்டின் வழியாகவும் பாய்ந்து நொடிப்பொழுதில் இரண்டையும் உருக்கிவிடும். ஆதலால் ஒன்று முற்றிலும் அடைபட்டபின் மற்றொன்று திறக்கும்படி, இடையே சில பத்து நானோ வினாடிகளை ஒதுக்குகின்றனர். இவ்விடைநேரம் கட்டுப்பாட்டுச் சுற்றில் அமைவது. ஆனால் அதன் அளவைத் தீர்மானிப்பது டிரான்சிஸ்டரின் வேகம். மெதுவாக அடையும் ஒன்றை விரைவான ஒன்றின் இடத்தில் மாற்றி வைத்தால், அதுவரை போதுமானதாய் இருந்த இடைநேரம் போதாமற்போகும்.

மேற்சாவி அடைபட வேண்டிய வேளை இன்னொன்றும் உண்டு. மாலையில் ஒளி மங்கித் தகட்டிலிருந்து வரும் மின்னோட்டம் வற்றியபின்னும் அது வழக்கம்போல் திறந்து மூடிக்கொண்டிருந்தால், மின்தேக்கியில் தேங்கிய ஆற்றல் தகட்டை நோக்கித் திரும்பிப் பாயும். டையோடு இருந்தவரை இத்தொல்லை இல்லை. டையோடு எவரும் சொல்லாமலே தன் கடமையை அறியும். டிரான்சிஸ்டருக்கு ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும்.

சித்திரை மாத நண்பகல்

டிரான்சிஸ்டருடன் வரும் தரவுத்தாளின் முதற்பக்கத்தில் 150 ஆம்பியர், 200 ஆம்பியர் எனப் பெரிய எண்கள் காணப்படும். 40 ஆம்பியருக்கு இது எவ்வளவோ மிகுதி என்று மகிழ்தல் வேண்டா. உறையின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸில் நிறுத்தப்பட்டால் மட்டுமே அவ்வெண் பொருந்தும். செஞ்சியின் பாறைகள் அனலைக் கக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் வெளிக்காற்றே 40 டிகிரியை ஒட்டி நிற்கும். வெயிலில் நிற்கும் மூடிய இரும்புப் பெட்டியின் உள்ளே 65 டிகிரி எனக் கொள்வது மிகையன்று.

சில்லிலிருந்து வெப்பம் உறைக்கும், உறையிலிருந்து காப்புத்தாள் வழியே அலுமினிய ஹீட்சிங்கிற்கும், அதிலிருந்து காற்றுக்கும் செல்ல வேண்டும். இப்பாதை முழுவதிலும் ஒரு வாட்டுக்கு 3 டிகிரி ஏறும் எனில், 16 வாட்டுக்கு 48 டிகிரி. குளிரூட்டிய ஆய்வகத்தில் 25உம் 48உம் கூடி 73 டிகிரி, கவலைக்கிடமில்லை. வயலில் அதே சுற்று 113 டிகிரியில் இயங்கும். முன்னே கண்ட பெரிய சில்லைப் பொருத்தியிருந்தால் 132 டிகிரி. சிலிக்கான் 150 அல்லது 175 டிகிரிவரை தாங்கும் என்று தரவுத்தாள் கூறுவதால் இதுவும் கடந்துவிடக்கூடியதாகத் தோன்றும். ஆனால் ஹீட்சிங்கின் இதழ்களில் புழுதி படியும். குளவி கூடு கட்டும். சூடு ஏறினால் மாஸ்ஃபெட்டின் மின்தடை ஏறும். மின்தடை ஏறினால் மேலும் சூடு ஏறும். அருகில் நிற்கும் மின்பகு மின்தேக்கி பெரும்பாலும் 105 டிகிரிக்கே உரியது; பத்து டிகிரி கூடுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணிப்பு. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பற்றாசு இணைப்புகள் நாளடைவில் விரிசல் காண்கின்றன.

கோடையில் வெயில் மிகும்போது தகடு தரும் மின்னோட்டம் மிகுகிறது. காற்றின் சூடு மிகுகிறது. கிணற்றின் நீர்மட்டம் தாழ்ந்திருப்பதால் மோட்டாரின் சுமையும் மிகுகிறது. பயிர் நீருக்காகத் தவிக்கும் நண்பகலே டிரான்சிஸ்டர் மிகக் கொதிக்கும் நண்பகலும் ஆகும். பூக்கும் பருவத்திலோ காய்பிடிக்கும் பருவத்திலோ உள்ள மல்லாட்டைக்கு ஒரு வாரம் நீர் நின்றால், இழந்த விளைச்சலைப் பின்னர்ப் பாய்ச்சும் நீர் மீட்டுத் தராது. எனவே தேர்வுக் கணக்கை ஆய்வகத்தின் வெப்பநிலையில் தொடங்காமல், அந்நண்பகலிலிருந்து தொடங்குவதே முறை.

சென்னையில் பிறந்தவரின் கண்டுபிடிப்பு

இதுவரை பேசியது 96 வோல்ட் மோட்டார். ஆழ்துளைக் கிணறுகளில் இறக்கப்படும் மும்முனை மோட்டார்கள் பல 415 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்திற்கு உரியவை. அவற்றை இயக்க ஏறத்தாழ 590 வோல்ட் நேர்த்திசை மின்னழுத்தம் வேண்டும்; அதற்கு 1200 வோல்ட் தாங்கும் சாவிகளைப் பயன்படுத்துவர். 1200 என்பது 150இன் எட்டு மடங்கு. முன்னர்க் கூறிய பழைய சிலிக்கான் மாஸ்ஃபெட்டின் விதிப்படி மின்தடை ஏறத்தாழ 180 மடங்காகும். 8 மில்லி ஓமாக இருந்தது 1.4 ஓமைக் கடக்கும். 10 ஆம்பியர் பாய்ந்தாலே 140 வாட்டுக்கு மேல் வெப்பம். அச்சாவி பயன்படாது.

இத்தடையைக் கடக்க வழிகண்டவர் பி. ஜயந்த் பாலிகா. 1948ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969ஆம் ஆண்டு மின்பொறியியலில் பட்டம் பெற்று, அமெரிக்காவில் மேற்படிப்பை முடித்து, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் கருவிகளுக்கு உகந்த சாவி அந்நாளில் இல்லை. இருமுனை டிரான்சிஸ்டர் பெரிய மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும். ஆனால் அதனை இயக்கவே கணிசமான மின்னோட்டம் வேண்டும். மாஸ்ஃபெட்டின் வாயிலை எளிதில் இயக்கலாம். ஆனால் உயர் மின்னழுத்தத்தில் அதன் மின்தடை மிகுதி. இரண்டன் நற்பண்புகளையும் ஒரே சில்லில் சேர்த்து 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் உருவாக்கியதே ஐ.ஜி.பி.டி. எனப்படும் டிரான்சிஸ்டர். 590 வோல்ட்டிலும் அது ஏறத்தாழ 2 வோல்ட்டை மட்டுமே சுங்கமாகப் பெறும். 10 ஆம்பியருக்கு 20 வாட்; 140 எங்கே, 20 எங்கே! இன்று சென்னை பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையில் உருவாகும் வந்தே பாரத் தொடர்வண்டியின் மோட்டார்களை இயக்குவதும் ஐ.ஜி.பி.டி.யே. 2003இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் மகிழுந்தில், மின்கலத்தின் 200 வோல்ட்டை 500 வோல்ட்வரை உயர்த்திய சுற்றிலும் அதுவே சாவியாய் நின்றது. பாலிகாவுக்கு 2024ஆம் ஆண்டு பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு வழங்கப்பட்டது.

ஐ.ஜி.பி.டி.க்கும் குறைகள் உண்டு. திறந்தபின்னும் மின்னோட்டம் ஒரு வால்போல் சிறிது நேரம் நீளும். ஆதலால் உயர் அதிர்வெண்ணில் இழப்பு மிகும். அன்றியும் அது ஒருவழிப் பாதை. மாஸ்ஃபெட்டைப்போல் இருதிசையிலும் கடத்தாது. மேற்சாவியில் மின்னோட்டம் மூலத்திலிருந்து வடிகாலை நோக்கி, அதாவது வழக்கத்திற்கு எதிர்த்திசையில், செல்ல வேண்டியிருப்பதால் அங்கு ஐ.ஜி.பி.டி. உதவாது, அதன் அருகில் தனியே வைக்கப்படும் டையோடுதான் அவ்வேலையைச் செய்யும். ஒத்தியங்குதல் என்னும் கருத்தே அங்கு பொருளிழக்கிறது.

இதற்கும் ஒரு வழியைப் பாலிகாவே 1980களின் தொடக்கத்தில் சுட்டினார். ஒரு குறைகடத்திப் பொருள் பெருந்திறன் சாவிக்கு எவ்வளவு தகுதியுடையது என்பதை அளக்கும் எண் ஒன்றை அவர் வகுத்தார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன்படி நோக்கினால், சிலிக்கானைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்பது சிலிக்கான் கார்பைடு. சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட், இதனுடையது 3.26. ஏறத்தாழ பத்து மடங்கு மின்புலத்தைத் தாங்குவதால் பத்தில் ஒரு பங்கு தடிமனே போதும். மின்தடையும் அதற்கேற்பச் சரிகிறது. எனினும் குறையற்ற சிலிக்கான் கார்பைடு படிகத்தை வளர்த்தல் கடினமாக இருந்ததால், அப்பொருளில் அமைந்த மாஸ்ஃபெட்டுகள் சந்தைக்கு வருவதற்கு 2010ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆயின. 1200 வோல்ட் தாங்கி 80 மில்லி ஓம் மின்தடை காட்டும் ஒன்றில் 10 ஆம்பியர் பாய்ந்தால் இழப்பு 8 வாட்டே. அது இருதிசையிலும் கடத்துவதால் 590 வோல்ட்டிலும் ஒத்தியங்கு உயர்த்தியை அமைக்க முடிகிறது.

ஆயினும் சிறந்த பொருள் என்பதனால் எங்கும் அதனையே வைத்தல் பொருந்தாது. 96 வோல்ட் பம்புசெட்டிற்குச் சாதாரணச் சிலிக்கான் மாஸ்ஃபெட்டே போதும். சிலிக்கான் கார்பைடுக்குத் தரும் கூடுதல் விலையை அகன்ற ஹீட்சிங்கிற்கும் பெட்டியின்மேல் ஒரு நிழற்கூரைக்கும் செலவிடுதல் மேல்.

பழுது பார்க்கும் மேசையில்

பெட்டி பழுதானால் அது பெரும்பாலும் செஞ்சியிலோ விழுப்புரத்திலோ உள்ள பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வருகிறது. எரிந்த டிரான்சிஸ்டருக்கு நிகரான ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைக்கிறார். எழுதியிருந்த எண் கிடைக்கவில்லையெனில், அதே வோல்ட்டும் அதைவிடக் கூடுதல் ஆம்பியரும் உடைய வேறொன்றைக் கடைக்காரர் தருவார். முன்னதைவிட வலிமையானதை வைத்திருக்கிறோம் என்னும் நிறைவோடு பெட்டி வயலுக்குத் திரும்பும். கூடுதல் ஆம்பியர் என்றால் பெரிய சில், பெரிய சில் என்றால் கூடுதல் வாயில் மின்னூட்டம், நிலைமாற்றம் மந்தமாகும், இடைநேரம் போதாமல் இரு சாவிகளும் கணநேரம் ஒருங்கே திறக்கும். பெட்டி மீண்டும் எரிந்து வரும்போது, டிரான்சிஸ்டர் போலியானது என்று கூறப்படும். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். பழைய துண்டின் எழுத்தை அழித்துப் புது எண் பொறித்து விற்போரும் உளர்.

மாற்றுத் துண்டைத் தேடுவோர் தரவுத்தாளின் முதற்பக்கத்தோடு நின்றுவிடாமல், உள்ளே வாயில் மின்னூட்டம், உடல் டையோடின் எஞ்சு மின்னூட்டம், 100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் மின்தடை ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட வேண்டும். ஒரு சாவி எரிந்திருந்தால் இணையாக நின்ற மற்றொன்றும், அவற்றின் வாயிலை இயக்கும் சுற்றும் சேதமுற்றிருக்கக்கூடும். மூன்றையும் சோதித்தபின்னரே மின்னிணைப்புத் தருதல் வேண்டும். முதல் இணைப்பை முழுத் தகட்டுத் தொகுதியிலிருந்து தராமல், மின்னோட்டத்தை வரம்பிட்ட சிறு மூலம் ஒன்றிலிருந்து தந்து, பெட்டியை மூடி, ஒரு மணி நேரம் கழித்து ஹீட்சிங்கின் சூட்டை அளந்து பார்த்தபின்னரே உழவரிடம் கொடுப்பர் தேர்ந்த பழுதுபார்ப்போர்.